சந்தா ஏறுவதும் தரம் தாழ்வதும்: ஓடிடி பொருளியல் குறித்த ஓர் ஆய்வு

இணையவழியே திரைப்படங்களையும் தொடர்களையும் வீட்டுக்குக் கொண்டுவரும் ஓடிடி தளங்களின் மீது இன்று பல நாடுகளிலும் எழும் குறை இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது: கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது, பார்க்கத் தகுந்தவை ஆண்டுக்காண்டு குறைகின்றன. முதலாவதை நிறுவனங்களின் பேராசைக்கும், இரண்டாவதைப் படைப்பாளிகளின் கற்பனை வறட்சிக்கும் தனித்தனியே கணக்கெழுதுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் இத்தொழிலின் வரவுசெலவை அதன் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பார்த்தால், இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது தெரியவரும். திரையரங்கும் டிவிடியும் விற்றது ஒரு படைப்பை. ஓடிடி விற்பதோ ஒரு மாதத்துக்கான நுழைவு அனுமதியை. அனுமதியை விற்கும் நிறுவனத்துக்கு, தனியொரு படைப்பு எவ்வளவு சிறந்தது என்பதைவிட, சந்தாதாரர் விலகாமல் இருக்கிறாரா என்பதே முதன்மையான கேள்வியாகிவிடுகிறது. அந்தக் கேள்வி விலையையும் தரத்தையும் எவ்வாறு மாற்றியமைத்தது என்பதை அமெரிக்க, இந்திய, தமிழ்ச் சூழல்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மலிவு விலையின் பின்னணி

1997இல் ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பும் நிறுவனமாகவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் இயங்கி, 2007 ஜனவரியில்தான் இணையவழிக் காட்சியைத் தொடங்கியது. அன்றைய ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குத் திரையரங்கு, டிவிடி, தொலைக்காட்சி ஆகிய வழிகளில் வருமானம் வந்துகொண்டிருந்ததால், புதிதாக முளைத்த இணைய உரிமையை அவை உபரி வரவாகவே கருதிக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. பிறர் முதலிட்டு எடுத்த படங்களையும் தொடர்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்திருந்த அந்தத் தளம், 2010 நவம்பரில் இணையக் காட்சிக்கு மட்டுமான தனிச் சந்தாவை மாதம் 7.99 டாலருக்கு அறிவித்தது. அமெரிக்கக் கேபிள் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு இருந்த காலத்தில், இவ்விலை பார்வையாளருக்குக் கிடைத்த பெரும் விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த விலைக்கு இன்னொரு முட்டாக இருந்தது மலிவான மூலதனம். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் வட்டி விகிதம் நீண்டகாலம் மிகத் தாழ்ந்திருந்ததால், கடன் பத்திரங்கள் வழியே பணம் திரட்டுவது எளிதாக இருந்தது. பங்குச் சந்தையும் ஓடிடி நிறுவனங்களை அவற்றின் இலாபத்தைக் கொண்டு மதிப்பிடாமல், சந்தாதாரர் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட்டது. 2013 பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடருடன் நெட்ஃபிளிக்ஸ் சொந்தத் தயாரிப்பில் பெரிய அளவில் இறங்கியதும், பிற நிறுவனங்கள் அதைப் பின்தொடர்ந்ததும் இந்தப் பணத்தைக் கொண்டுதான். எனவே பார்வையாளர் அன்று செலுத்திய சந்தா, அவர் பார்த்தவற்றின் உண்மையான செலவை ஈடுசெய்யவில்லை. மீதியை முதலீட்டாளர்கள் எதிர்கால இலாபத்தை எதிர்பார்த்துக் கட்டிவந்தார்கள். இன்றைய விலையேற்றத்தைப் புரிந்துகொள்ள, தொடக்க விலை ஒருபோதும் நிலைக்கக்கூடியதாக இருக்கவில்லை என்பதை முதலில் ஏற்க வேண்டியிருக்கிறது.

சிதறிய தொகுப்பு

உரிமங்களை விற்றுவந்த ஸ்டுடியோக்கள், தாங்கள் விற்ற பொருளைக் கொண்டே ஒரு போட்டியாளர் வளர்ந்துவிட்டதை உணர்ந்தபோது அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கின. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸும் ஆப்பிள் டிவி பிளஸும், 2020இல் ஹெச்பிஓ மேக்ஸும் பீகாக்கும், 2021இல் பாரமவுண்ட் பிளஸும் தொடங்கப்பட்டன. அமெரிக்கப் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ 2019 முடிவிலும், ‘தி ஆஃபீஸ்’ 2021 தொடக்கத்திலும் நெட்ஃபிளிக்ஸை விட்டு வெளியேறித் தத்தம் உரிமையாளரின் தளத்துக்குச் சென்றன. முன்பு ஒரு சந்தாவில் கிடைத்தவற்றுக்கு இப்போது நான்கைந்து சந்தாக்கள் தேவைப்பட்டன.

தயாரிப்பவரே காட்சிக்கூடத்தையும் வைத்திருக்கும் இந்நிலை அமெரிக்காவுக்குப் புதியதன்று. படங்களைத் தயாரித்த ஸ்டுடியோக்களே திரையரங்குகளையும் உடைமையாக்கியிருந்ததும், விரும்பிய ஒரு படத்தைப் பெற விரும்பாத பல படங்களையும் சேர்த்தே வாங்குமாறு பிற அரங்குகளைக் கட்டாயப்படுத்தியதும் போட்டிக்கு எதிரானவை என்று 1948இல் பாரமவுண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஒட்டி விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் ஏழு பத்தாண்டுகளுக்குப் பின், காலத்துக்கு ஒவ்வாதவை என்ற காரணத்தின் பேரில் 2020 ஆகஸ்டில் விலக்கிக்கொள்ளப்பட்டன; தயாரிப்பும் காட்சியும் ஒரே கையில் மீண்டும் குவிந்துகொண்டிருந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

தளங்கள் பெருகினால் போட்டியும் பெருகும், போட்டி விலையைக் குறைக்கும் என்ற பொது எதிர்பார்ப்பு இங்கே பொய்த்ததற்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு. பல பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்பதைத் தொகுப்பு விற்பனை என்பர். ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இல் திரைப்பட உரிமைகளை முன்வைத்தே இதன் தர்க்கத்தை விளக்கினார். ஒரு வீடு தொடர்களுக்கு 300 ரூபாயும் விளையாட்டுக்கு 100 ரூபாயும், மற்றொரு வீடு தொடர்களுக்கு 100 ரூபாயும் விளையாட்டுக்கு 300 ரூபாயும் தர ஆயத்தமாக இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து 400 ரூபாய்க்கு விற்றால் இரு வீடுகளும் வாங்கும், இரு வீடுகளுக்கும் இரண்டுமே கிடைக்கும். தனித்தனியே விற்றால் ஒவ்வொன்றும் 300 ரூபாய்க்கு விற்கப்பட்டு, ஒவ்வொரு வீடும் ஒன்றோடு நின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்பவர் 600 ரூபாய் கொடுக்க நேரும். ஒரு படத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லாத இணையத்தில் பெருந்தொகுப்பே சிக்கனமானது. அது சிதறியபோது ஒவ்வொரு சிறு தொகுப்பும் முழுத் தொகுப்பின் விலையை நோக்கி நகர்ந்தது. மேலும் ஒரு படம் ஒரே தளத்தில் மட்டும் கிடைக்குமாறு உரிமம் பூட்டப்பட்டிருப்பதால், தளங்களுக்கிடையே போட்டி இருந்தாலும் குறிப்பிட்ட படைப்பைப் பொறுத்தவரை அத்தளத்துக்குப் போட்டியே இல்லை.

2022: கணக்கு கேட்கப்பட்ட ஆண்டு

2022 மார்ச் முதல் அமெரிக்க மைய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் மலிவான மூலதனத்தின் காலம் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டின் முதல் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டு லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கண்டிராத இந்தச் சரிவு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 35 விழுக்காடு வீழ்ந்தது. டிஸ்னியின் ஓடிடி பிரிவு அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் மட்டும் ஏறத்தாழ 147 கோடி டாலர் இழந்திருந்தது; நவம்பரில் அந்நிறுவனத்தின் தலைமையே மாறியது. அதுவரை சந்தாதாரர் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்த சந்தை, அன்றிலிருந்து இலாபத்தைக் கேட்கலாயிற்று.

அதற்குப் பின் எடுக்கப்பட்ட ஒவ்வொரு நடவடிக்கையின் சுமையும் பார்வையாளரை வந்தடைந்தது. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத்துடன் கூடிய சந்தாவை அறிமுகப்படுத்தியது. 2023 மே மாதத்தில் அமெரிக்காவிலும் ஜூலையில் இந்தியாவிலும், ஒரு வீட்டாரின் கடவுச்சொல்லைப் பிற வீட்டார் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 2025 ஜனவரியில் அதன் விளம்பரமற்ற நடுத்தரச் சந்தா அமெரிக்காவில் மாதம் 17.99 டாலரானது. 2019இல் 6.99 டாலரில் தொடங்கிய டிஸ்னி பிளஸின் விளம்பரமற்ற சந்தா, ஐந்தே ஆண்டுகளில் 15.99 டாலரை எட்டியது. பொதுவான விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இவை பெரிய ஏற்றங்களே. விளம்பரமும் வேண்டாம், பெரும் கட்டணமும் வேண்டாம் என்று கேபிளைத் துண்டித்துவந்தவர்கள் பத்தாண்டுகளுக்குள் இரண்டையும் மீண்டும் சந்திக்க நேர்ந்தது.

தரத்தை அளக்கும் கோல்

விலையை உயர்த்திய அதே தேவை படைப்பின் இயல்பையும் மாற்றியது. எது அளக்கப்படுகிறதோ அதுவே உற்பத்தியாகும் என்பதற்கு ஓடிடி தளங்களின் பார்வைக் கணக்கு தெளிவான சான்று. ஒரு படத்தின் அல்லது ஓர் அத்தியாயத்தின் 70 விழுக்காட்டைப் பார்த்தவரையே பார்வையாளராக எண்ணிவந்த நெட்ஃபிளிக்ஸ், 2020 தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பார்த்திருந்தாலே போதும் என்று அளவுகோலைத் தளர்த்தியது. 2021இல் மொத்தப் பார்வை மணிகளுக்கும், 2023இல் அம்மணிகளைப் படைப்பின் நீளத்தால் வகுக்கும் முறைக்கும் மாறியது. இந்த நான்கு முறைகளில் எதுவும் ஒருவர் பார்த்ததை மதித்தாரா, நினைவில் வைத்திருந்தாரா, பிறருக்குப் பரிந்துரைத்தாரா என்பதை அளக்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி அரைக்கவனத்தில் ஓடவிட்ட எட்டு மணி நேரத் தொடர், முழுக் கவனத்துடன் பார்த்த இரண்டு மணி நேரப் படத்தைவிட இக்கணக்கில் உயர்ந்து நிற்கக்கூடும்.

இதன் விளைவுகள் திரையில் வெளிப்படையாகத் தெரிகின்றன. இரண்டு மணி நேரத்துக்கான கதைகள் எட்டு அத்தியாயங்களாக இழுக்கப்படுகின்றன, ஏனெனில் பாதியில் நிற்கும் பார்வையாளர் அந்த மாதம் சந்தாவைக் கைவிடுவதில்லை. பழைய தொடருக்கு அடுத்த பருவம் எடுப்பதைவிடப் புதிய தொடரே புதிய சந்தாதாரரை ஈர்க்கும் என்பதால், பல தொடர்கள் கதை முடியாமலேயே நிறுத்தப்படுகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் ஓடிடியிலும் வெளியான ஆங்கிலப் புனைவுத் தொடர்களின் எண்ணிக்கை, எஃப்எக்ஸ் நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி 2022இல் 599ஐ எட்டி, அடுத்த ஆண்டு 516ஆகக் குறைந்தது. முதலில் எண்ணிக்கைப் பெருக்கத்தில் நல்லவை புதைந்தன. பின்பு செலவுக் குறைப்பில் துணிச்சலானவையே முதலில் கைவிடப்பட்டன.

இவற்றைவிடக் கவலைக்குரியது படைப்புகள் அடியோடு மறைவது. 2022இல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, படப்பிடிப்பு முடிந்திருந்த ‘பேட்கேர்ல்’ படத்தை வெளியிடாமலே கைவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ உள்ளிட்ட தொடர்களைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸில் வெளியான ‘வில்லோ’ தொடர் ஆறே மாதங்களில் அகற்றப்பட்டது. ஒரு படைப்பின் மதிப்பைக் கணக்கேட்டிலிருந்து கழித்து நட்டமாகக் காட்டுவதும், கலைஞர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் தொடர்ந்து தரவேண்டிய தொகையைத் தவிர்ப்பதும் இந்நீக்கங்களுக்குப் பின்னிருந்த நிதிக் காரணங்கள். கட்டணம் செலுத்தியவரிடம் டிவிடி போன்ற கைப்பொருள் எதுவும் இல்லாததால், தளம் நீக்கினால் பல படைப்புகளைச் சட்டப்படி காண வேறு வழியே இல்லாமல் போகிறது.

உருவாக்கியவர்களின் நிலையும் பார்வையாளரின் குறையோடு நேரடித் தொடர்புடையது. தொலைக்காட்சியில் ஒரு தொடர் மறுஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் எழுத்தாளருக்கும் நடிகருக்கும் ஒரு தொகை கிடைத்துவந்தது. ஓடிடியில் அது சிறுத்துப்போனதும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் தளங்கள் மறைத்ததும், குறைந்த எழுத்தாளர்களைக் கொண்டு குறுகிய காலத்தில் கதையை முடிக்கச் சொன்னதும் 2023 மே 2 முதல் 148 நாள்கள் நீடித்த அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின் அடிப்படைக் காரணங்களாயின. வெளிவந்த முதல் 90 நாள்களுக்குள் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்கு இணையான பார்வையைப் பெறும் தொடருக்கு எழுத்தாளர்களுக்குக் கூடுதல் தொகை தரவேண்டும் என்று அதன் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தம் வகுத்தது. படைப்பின் வெற்றிக்கும் படைத்தவரின் வருமானத்துக்கும் அறுந்திருந்த தொடர்பை அது ஓரளவேனும் மீட்டது.

இந்தியச் சந்தையின் வேறுபாடு

இந்தியாவில் இதே கதை வேறொரு வரிசையில் நிகழ்ந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கிய மாநிலத்தில், 2016இல் மாதம் 500 ரூபாய் என்ற அளவில் நுழைந்த நெட்ஃபிளிக்ஸ் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவே இருந்தது. கைப்பேசிக்கு மட்டுமான மலிவுச் சந்தாவை 2019இல் அறிமுகப்படுத்தியும் எதிர்பார்த்த வளர்ச்சி கிட்டாததால், 2021 டிசம்பரில் அது தன் அடிப்படைச் சந்தாவை 499 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகக் குறைத்தது. அதே மாதத்தில் அமேசான் பிரைம் தன் ஆண்டுக் கட்டணத்தை 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக உயர்த்தியது. 2016இல் அது அறிமுக விலையாக 499 ரூபாய் பெற்றுக்கொண்டு தொடங்கிய சேவை. 2025 ஜூன் மாதம் முதல் அதன் காணொளிகளில் விளம்பரம் இடம்பெறத் தொடங்கி, விளம்பரமின்றிப் பார்க்க ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கேட்கப்பட்டது.

கிரிக்கெட் இந்தச் சந்தையின் போக்கை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. 2023 முதல் ஐந்தாண்டுகளுக்கான ஐபிஎல் இணைய உரிமையை 23,758 கோடி ரூபாய்க்குப் பெற்ற வயாகாம் 18 நிறுவனம், 2023 போட்டிகளை ஜியோசினிமாவில் எல்லோருக்கும் இலவசமாகக் காட்டியது. அவ்வளவு பெரிய தொகையைச் செலவிட்டு இலவசமாகத் தருவதைத் தாக்குப்பிடிக்கும் பலம் போட்டியாளர்களுக்கு இல்லை. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டாராயின. அதன்பின் போட்டிகளைத் தடையின்றிக் காணச் சந்தாவோ அதை உள்ளடக்கிய செல்பேசித் திட்டமோ தேவைப்பட்டது. நட்டத்தில் கொடுத்துப் பழக்குவதும், போட்டியாளரைத் தன்னுள் இணைப்பதும், பின்பு விலையை நிர்ணயிப்பதும் அமெரிக்காவில் பத்தாண்டுகளில் நடந்ததென்றால், இங்கே இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

கேபிள் கட்டணத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு ஓடிடிக்கு இல்லை என்பதும் கவனத்துக்குரியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள், ஒவ்வொரு கட்டணச் சேனலின் விலையையும் தனியே அறிவிக்க வேண்டும் என்றும், தொகுப்பில் சேரும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் வகுத்தன. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 2024இல் விலக்கப்பட்டபோதும் சேனல்களைத் தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை தொடர்கிறது. ஓடிடிக்குப் பொருந்தும் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வயதுவாரி வகைப்பாட்டையும் குறைதீர்ப்பையும் பேசுகின்றனவே அன்றி, விலையையோ பார்வைக் கணக்கையோ படைப்புகளைப் பாதுகாத்துவைப்பதையோ தொடவில்லை.

தமிழ்த் திரையில் ஏற்றமும் இறக்கமும்

பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட்ட 2020இல், மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடியில் வெளியானது தமிழ்த் திரைத்துறையின் விற்பனை முறையையே திருப்பியது. திரையரங்கு உரிமையாளர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே தொடங்கிய இவ்வழியில் ‘சூரரைப் போற்று’, ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’ ஆகியவை வந்து, திரையரங்கு வசூலின் நெருக்கடி இல்லாமலேயே பரந்த பார்வையாளரை அடைய முடியும் என்று காட்டின. 2022இல் வெளியான ‘விலங்கு’, ‘சுழல்’ ஆகிய தொடர்கள், நகரத்துக்கு வெளியேயுள்ள தமிழ்நாட்டின் ஊர்களையும் மனிதர்களையும் தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் தொடாத நெருக்கத்தில் சித்திரித்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆஹா தளமும் தமிழில் தொடங்கப்பட்டது. ஓடிடி தமிழுக்குச் செய்த நன்மையை மறுக்க முடியாது. இன்றைய ஏமாற்றம் இத்தனை ஆழமாக இருப்பதற்கும் அந்நன்மை தந்த நம்பிக்கையே காரணம்.

ஆனால் அந்த ஆண்டுகளில் உரிமைத் தொகை படத்தின் தகுதியைவிட நாயகனின் பெயரைக் கொண்டே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அதை உறுதியான வரவாகக் கொண்டு நடிகர்களின் ஊதியமும் படங்களின் செலவும் வீங்கின. உலகச் சந்தையில் இலாபம் கேட்கப்பட்டபோது தளங்கள் இங்கும் வாங்குவதைச் சுருக்கின. பெரிய நடிகர் இல்லாத படங்களைத் திரையரங்க வரவேற்பைப் பார்த்த பின்னரே விலைபேசலாயின. சிறு படங்களுக்குத் திரையரங்கில் நல்ல காட்சி நேரம் கிடைப்பதில்லை. திரையரங்கில் ஓடாததால் ஓடிடியும் கிடைப்பதில்லை. ஓடிடியின் வருகையால் மிகுந்த பயன் பெற்றிருக்கவேண்டிய படைப்பாளிகளே இவ்வாறு இரு வாயில்களும் அடைபட்டு நிற்கிறார்கள்.

வெளியீட்டு இடைவெளி குறித்த இழுபறியும் இதே முரணிலிருந்து எழுந்தது. திரையரங்கில் வெளியான நான்கு வாரங்களில் ஓடிடிக்கு வரும் வழக்கம் தமிழில் நிலைத்ததால், எட்டு வார இடைவெளியை வலியுறுத்திய தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் 2023இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை வட இந்தியாவில் திரையிட மறுத்தன. ஓடிடி தரும் தொகைக்காகத் திரையரங்கின் ஒரு பெரும் பகுதியைத் துறக்கும் நிலைக்குத் தயாரிப்பாளர் தள்ளப்படுகிறார். பார்வையாளருக்கோ, நான்கு வாரம் பொறுத்தால் ஏற்கெனவே கட்டிய சந்தாவில் வந்துவிடும் படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் தேவை குறைகிறது.

செய்யத் தகுந்தவை

விலையைச் சட்டத்தால் குறைப்பது மட்டும் இதற்குத் தீர்வாகாது. வருமானம் குறையும் தளம் முதலில் கைவைப்பது துணிச்சலான படைப்புகளின் மீதுதான் என்பதை 2022க்குப் பிந்தைய அனுபவம் காட்டிவிட்டது. படைப்பை மீண்டும் எண்ணத்தக்கதாகவும், தனியே வாங்கத்தக்கதாகவும், பாதுகாக்கத்தக்கதாகவும் ஆக்குவதே அடிப்படைத் தேவை.

முதலாவது, பார்வைக் கணக்கின் வெளிப்படைத்தன்மை. எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் 2023 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்ஸ் அரையாண்டுப் பார்வை அறிக்கைகளை வெளியிடுகிறது. எல்லாத் தளங்களும் தம்மிடமுள்ள தமிழ்ப் படைப்புகளின் கணக்கைக் குறைந்தது அவற்றை உருவாக்கியவர்களிடமேனும் காட்டவேண்டிய கடமை சட்டமாக வேண்டும். ஒரு சிறு படத்தை எத்தனை பேர் இறுதிவரை பார்த்தார்கள் என்பது அதன் இயக்குநருக்குத் தெரிந்தால்தான் அடுத்த படத்துக்கு அவரால் நியாயமாக விலைபேச முடியும்.

இரண்டாவது, சந்தாவுக்கு வெளியே தனிப்படத்தை வாங்கிப் பார்க்கும் வழி. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில் மாதச் சந்தா கிடையாது. ஒரு படத்துக்கு 75 ரூபாய் செலுத்திப் பார்க்கலாம், அதில் பாதி படத்தை அளித்தவருக்குச் செல்லும். பார்வையாளர் தாம் தேர்ந்தெடுத்த படைப்புக்கே பணம் தருகிறார் என்பதே இம்முறையின் சிறப்பு. ஆண்டுதோறும் இருநூறு படங்கள் அளவிலோ அதற்கு மேலோ வெளியாகும் தமிழ்நாட்டில் இத்தகைய பொதுத்தளத்துக்கான தேவை கேரளத்தைவிடக் கூடுதலானது.

மூன்றாவது, பாதுகாப்பு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வந்துசேர வேண்டும்; தணிக்கை வாரியத்தின் வழியே வராத ஓடிடி படைப்புகளுக்கு அத்தகைய கடமை எதுவும் இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப் படமான ‘கீசக வதம்’, 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ ஆகிய இரண்டின் படச்சுருள்களும் இன்று இல்லை. அன்று இழந்தது பாதுகாக்கும் ஏற்பாடும் அறிவும் இல்லாததால். இன்று இரண்டும் இருக்கும்போது, ஒரு நிறுவனத்தின் காலாண்டுக் கணக்குக்காகத் தமிழ்த் தொடர் ஒன்று அழிய நேர்ந்தால் அதற்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது.

பார்வையாளரின் சலிப்பை நிறுவனங்கள் விலையைக் குறித்த முணுமுணுப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் விளம்பரத்துடன் கூடிய மலிவுச் சந்தா என்ற விடை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையில் அவர் கேட்பது, தாம் தரும் பணம் நல்ல படைப்பைச் சென்று சேர வேண்டும் என்பதும், அப்படைப்பு நாளையும் தமக்குக் கிடைக்க வேண்டும் என்பதும்தான். இவ்விரண்டையும் உறுதிசெய்யாத எந்த விலைக்குறைப்பும் தற்காலிகமானது. உறுதிசெய்யும் அமைப்புக்கு நியாயமான விலை கொடுக்கத் தமிழ்ப் பார்வையாளர் தயங்கமாட்டார் என்பதற்கு, தரமான படத்தைத் தேடிச் சென்று திரையரங்கை நிறைக்கும் அவருடைய வழக்கமே சான்று.